ஜெர்மனியின் கேஎஸ்கே: தனித்தொழில் கலைஞர்கள் சேரலாமா?

ஆண்டுக்கு 15,000 யூரோ லாபம் பார்க்கும் ஓர் இசைக்கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு, பிறர் கவனிப்பு தேவைப்படும் காலத்துக்கான பராமரிப்புக் காப்பீடு, அரசு ஓய்வூதியம் மூன்றையும் முழுக்கத் தன் கையிலிருந்து கட்டினால், 2025ஆம் ஆண்டின் சராசரி விகிதப்படி மாதம் சுமார் 491 யூரோ ஆகும். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் இயங்கும் கலைஞர் சமூகக் காப்பு நிதியமான கேஎஸ்கே வழியாகப் போனால், அதே மூன்றுக்கும் சுமார் 246 யூரோ. இது பிள்ளை உள்ளவருக்கான கணக்கு. பிள்ளை இல்லாமல் 23 வயதைக் கடந்தவர் இன்னும் ஏழரை யூரோ சேர்த்துக் கட்ட வேண்டும்.

மீதிப் பாதி யார் பணம்? செலவில் 20 விழுக்காட்டை மத்திய அரசு தருகிறது. 30 விழுக்காடு, பதிப்பகம், அரங்கம், விளம்பர நிறுவனம் என்று கலைஞரின் உழைப்பை வாங்கி விற்பவர்களிடமிருந்து வருகிறது. இது யாரும் மனமிரங்கிக் கொடுத்த சலுகை அல்ல. 1969இல் கொலோனில் எழுத்தாளர்கள் சங்கம் கண்டார்கள். 70களில் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு கை கோத்தார்கள். 1972இலும் 1975இலும் வந்த ஆய்வுகள், எழுத்தாளர்களும் கலைஞர்களும் முதுமையில் படும் பாட்டைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. 1981இல் சட்டம் நிறைவேறி, 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று வழக்காடிய நிறுவனங்களுக்கு 1987இல் அரசியல் சாசன நீதிமன்றம் விடை சொன்னது: கட்டத்தான் வேண்டும்.

சேரும் வழியில் பலர் தடுக்கி விழும் இடம் ஆதாரம். இசை, நிகழ்த்துகலை, காண்கலை, எழுத்து இவற்றைப் படைப்பவர் மட்டுமல்ல, கற்பிப்பவரும் சேரலாம். ஆகவே டோர்ட்முண்டில் பரதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கும் இதில் இடம் உண்டு. குடியுரிமை தடையில்லை, சுயதொழிலுக்கு அனுமதி இருந்தால் போதும். ஆனால் அவருடைய துண்டறிக்கையில் 'உடலுக்குப் பயிற்சி, மனதுக்குத் தெம்பு' என்று இருந்தால் விண்ணப்பம் சிக்கலாகும். பொழுதுபோக்கு வகுப்பாகவோ உடற்பயிற்சியாகவோ பார்க்கப்படும் நடனத்தைக் கலை என்று எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அரங்கேற்றப் பயிற்சி, மேடை நிகழ்ச்சி, நடன அமைப்பு ஆகியவை தாள்களில் தெரிய வேண்டும். பில்லை மட்டும் அனுப்பினால் போதாது. அந்தப் பணம் வந்து விழுந்த வங்கிக் கணக்குப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒப்பந்தம், நிகழ்ச்சி நிரல், பத்திரிகைச் செய்தி எல்லாம் கை கொடுக்கும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளுக்கு முந்தைய காலத்துக்குக் காப்பு கிடைக்காது. எல்லாத் தாள்களும் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் அத்தனை மாதமும் வீண். முதலில் விண்ணப்பத்தைப் பதியுங்கள், விடுபட்டதைப் பிறகு அனுப்பலாம். மறுத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் சமூக நீதிமன்றம், அங்கே நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

கலை வழியாக ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் லாபம் வர வேண்டும். தொழில் தொடங்கி முதல் மூன்றாண்டு இந்த வரம்பு பொருந்தாது. அதன் பிறகும் ஆறாண்டுக்குள் இரண்டு முறை கீழே போனால் பொறுத்துக்கொள்வார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1க்குள், அடுத்த ஆண்டு எவ்வளவு லாபம் வரும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். வரவு அல்ல, செலவு போக மிஞ்சுவது. நடுவில் வேலை குறைந்தாலோ கூடினாலோ மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வரும் மாதங்களுக்கு மட்டும்தான். தவணையை மிச்சம் பிடிக்கக் குறைத்துச் சொல்வது இங்கே பரவலான பழக்கம். அது இரண்டு வகையில் கடிக்கும். ஆண்டுதோறும் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரிடம் கடந்த நான்கு ஆண்டு வரித் தாள்களைக் கேட்பார்கள். அதைவிடப் பெரிய அடி ஓய்வூதியத்தில். 2025இன் கணக்குப்படி, 12,000 யூரோ என்று காட்டிய ஓராண்டு உங்கள் மாத ஓய்வூதியத்தில் பத்து யூரோகூடச் சேர்க்காது. முப்பது ஆண்டு அப்படியே ஓட்டினால் இன்றைய மதிப்பில் மாதம் 290 யூரோ. அதை வைத்து வாடகைகூடக் கட்ட முடியாது. உண்மை வருமானமே அவ்வளவுதான் என்பவருக்கு இந்த நிதியம் தீர்வு தரவில்லை. அது இதன் பெரிய குறை.

வேலையிழப்புக் காப்பீடு இல்லை. பணியிட விபத்துக்கும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோய்க்கால உதவித்தொகை ஏழாவது வாரத்தில்தான் தொடங்கும். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திடம் கூடுதல் தவணை கட்டினால் பதினைந்தாம் நாளிலிருந்தே பெறலாம். கைவிரலை நம்பிப் பிழைக்கும் மிருதங்க வித்வானுக்கு அந்தக் கூடுதல் தொகை தகும். இரண்டு மாதத் தவணை பாக்கி விழுந்து, நினைவூட்டலுக்குப் பிறகும் கட்டாவிட்டால், அவசரச் சிகிச்சை போன்ற சிலவற்றைத் தவிர மருத்துவக் காப்பு நின்றுவிடும்.

இனி, பணம் கொடுக்கும் தரப்பு. கலைஞருக்குக் கொடுக்கும் சன்மானத்தின் மேல் அவர்கள் கேஎஸ்கேவுக்குக் கட்ட வேண்டியது 2025இல் 5 விழுக்காடு, 2026இல் 4.9. கலைஞர் கேஎஸ்கே உறுப்பினரா இல்லையா என்பது இதற்குக் கணக்கே இல்லை. தமிழ்ச் சங்கம், கோயில் எதுவானாலும், ஆண்டில் மூன்றுக்கு மேல் நிகழ்ச்சி நடத்தி, 2026 முதல் மொத்தம் 1,000 யூரோவைத் தாண்டிச் சன்மானம் கொடுத்தால் தங்களுக்கு இது பொருந்துமா என்று பார்த்துவிட வேண்டும். சென்னையிலிருந்து வரவழைத்த பாடகருக்குக் கொடுத்ததும் கணக்கில் வரும். முந்தைய ஆண்டின் தொகையை மார்ச் 31க்குள் தெரிவிக்க வேண்டும். 'கேஎஸ்கேவுக்குக் கட்டுவதை உங்கள் சன்மானத்தில் கழித்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் கலைஞர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த உடன்பாடு சட்டப்படி செல்லாது.