முகச் சீரமைப்புக்குப் பிறகு எந்தக் கேள்வித்தாளை நீட்டுவது?

முகத்தில் சீரமைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவரிடம் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் "பரவாயில்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும். அந்தப் பரவாயில்லைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேள்வித்தாள்கள். ஆனால் எந்தத் தாளை நீட்டுகிறோமோ அதற்குத் தகுந்த பதில்தான் கிடைக்கும். ஒரே ஆளிடம் இரண்டு தாள்களைக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றில் தேறியவராகவும் இன்னொன்றில் தவிப்பவராகவும் தெரிவார். நோயாளிகள் இவற்றை நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்திலிருந்து, எது எங்கே உதவுகிறது, எது எங்கே கைவிடுகிறது என்று எழுதுகிறேன்.

முதலில் பொதுவான தாள்களை ஓரமாக வைத்துவிடலாம். எஸ்எஃப்-36 என்ற பொது உடல்நலத் தாள் எந்த நோய்க்கும் பொருந்தும், அதுதான் அதன் பலம். முழங்கால் வலிக்காரரையும் முகம் சீரமைத்தவரையும் ஒரே தராசில் வைக்கலாம். ஆனால் அதன் 36 கேள்விகளில் ஒன்றுகூட முகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. மூக்கில் பாதியை இழந்தவரால் மாடிப்படி ஏற முடியும், பை தூக்க முடியும், நல்ல மதிப்பெண் வந்துவிடும். செலவுக் கணக்குக்கும் நோய்களுக்கிடையே ஒப்பிடவும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் கொடுத்துவிட்டு நோயாளியின் கருத்தைக் கேட்டோம் என்று சொல்லாதீர்கள்.

சிகிச்சையால் கிடைத்த பலனைக் கேட்கும் கிளாஸ்கோ பெனிஃபிட் இன்வென்டரி வேறு ரகம். 18 கேள்விகள், அறுவைக்குப் பிறகு ஒரே ஒரு முறை கேட்டால் போதும், மதிப்பெண் கழித்தல் 100-லிருந்து கூட்டல் 100 வரை போகும். முன்பே அளக்க மறந்துபோன இடங்களில் இது கைகொடுக்கும். சிகிச்சையால் நிலைமை மோசமானது என்று சொல்லவும் இதில் இடம் இருப்பது எனக்குப் பிடித்த அம்சம். ஆனால் பதில் முழுக்க ஞாபகத்தை நம்பி இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு முன்னால் நம் முகத்தைப் பற்றி என்ன நினைத்தோம் என்று யாரால் சரியாகச் சொல்ல முடியும்? போதாததற்கு, நாள் போகப்போக நோயாளி தன் அளவுகோலையே மாற்றிக்கொள்கிறார். பெரிய நோயிலிருந்து பிழைத்தவருக்கு முன்பு பெரிதாகத் தெரிந்த தழும்பு இப்போது சிறிதாகத் தெரியும். அதனால் முடிந்தவரை அறுவைக்கு முன்பும் பின்பும் அதே தாளைக் கொடுத்து ஒப்பிடுவதையே நான் விரும்புகிறேன்.

சரி, உண்மையான போட்டிக்கு வருவோம். வாய், தாடைப் புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பு நடந்தவர்களுக்கு, 1993-ல் வெளிவந்த வாஷிங்டன் பல்கலைக்கழக வாழ்க்கைத்தரத் தாளைக் கொடுப்பதா, முகச் சிகிச்சைக்கென்றே உருவாக்கிய அளவுகோல்களின் தொகுப்பான ஃபேஸ்-கியூவின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவைக் கொடுப்பதா?

வாஷிங்டன் தாளின் நான்காம் பதிப்பில் வலி, தோற்றம், விழுங்குதல், மெல்லுதல், பேச்சு, எச்சில், மனநிலை முதலான 12 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி. சில நிமிஷங்களில் முடிந்துவிடும், களைத்துப்போனவராலும் நிரப்ப முடியும். கடந்த ஏழு நாட்களில் இவற்றில் எது முக்கியமாக இருந்தது, மூன்று வரை தேர்ந்தெடுங்கள் என்றும் கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தாளை மதிக்கிறேன், ஏனென்றால் மருத்துவர் தழும்பைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, நோயாளி எச்சிலையும் மெல்லுவதையும் தேர்ந்தெடுத்திருப்பார்.

சிக்கல் தோற்றத்துக்கான கேள்வியில். அதன் நடுப் பதில், தோற்றம் உறுத்துகிறது ஆனாலும் வழக்கம்போல் இயங்குகிறேன் என்பது. அதற்கடுத்த மோசமான பதில், முகம் மிகவும் சிதைந்ததாக உணர்கிறேன், அதனால் வெளியே போவது வருவதைக் குறைத்துக்கொண்டேன் என்பதுபோல் போகிறது. இரண்டு விஷயங்களை ஒரே பதிலில் கட்டிவிட்டார்கள். முகம் சிதைந்துவிட்டதாக ஒவ்வொரு நாளும் உணர்ந்துகொண்டே வேலைக்குப் போய் வருகிறவர் எதை டிக் செய்வார்? பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் அப்படியே நின்றுவிட்டவரைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் நடுப் பதிலை டிக் செய்தார், நூற்றுக்கு 50 மதிப்பெண் விழுந்தது, அவருடைய வேதனை கணக்கில் வராமலே போய்விட்டது.

ஃபேஸ்-கியூ இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. இந்தப் பிரிவில் வாய் தண்ணீரையும் எச்சிலையும் எவ்வளவு தாங்குகிறது என்பதற்குத் தனி அளவுகோல், எச்சில் ஒழுகுவது எவ்வளவு மனவருத்தம் தருகிறது என்பதற்குத் தனி அளவுகோல். பேச்சு, சிரிப்பு, சாப்பாடு, தோற்றம் எல்லாவற்றிலும் இப்படியே செயல்பாட்டையும் அதனால் வரும் வேதனையையும் பிரித்துக் கேட்கிறார்கள். குறைவாக ஒழுகினாலும் நாலு பேர் நடுவில் சாப்பிட உட்காரவே கூசுகிறவர் ஒருவர். நிறைய ஒழுகினாலும் துடைத்துவிட்டு அடுத்த கவளம் எடுப்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு வேண்டியது இன்னொரு அறுவையாக இல்லாமல் மனநல ஆலோசனையாக இருக்கலாம், அது தெரிய வேண்டுமானால் பிரித்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அளவுகோலும் 0 முதல் 100 வரை தனியாக நிற்கும், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மொத்த மதிப்பெண் என்று ஒன்று கிடையாது, எல்லாவற்றையும் கூட்டி சராசரி போடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். குறை என்றால் நீளம். ஆசையில் எல்லா அளவுகோலையும் அடுக்கினால் கடைசிப் பக்கத்தில் நோயாளி கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்வார்.

ஆகவே என் தேர்வு: வழக்கமான மறுபரிசோதனைக்கு வாஷிங்டன் தாள், அதில் நோயாளி முக்கியம் என்று சொன்ன விஷயங்களுக்கு மட்டும் ஃபேஸ்-கியூ அளவுகோல்கள். தோல் புற்றுநோய் எடுத்து மூக்கோ கன்னமோ சீரமைத்தவர்களுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். ஃபேஸ்-கியூவில் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, தழும்பு, தோற்றத்தில் திருப்தி, நோய் திரும்புமோ என்ற பயம் எல்லாம் அதில் வந்துவிடும்.

முகவாதத்துக்கு வேறு தாள். பெயர் குழப்பும், கவனம்: ஃபேஸ் ஸ்கேல் என்பது 2001-ல் வந்த 15 கேள்விகள் கொண்ட தாள், ஃபேஸ்-கியூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மருத்துவர்கள் 1985-லிருந்து பயன்படுத்தும் ஹவுஸ்-பிராக்மன் அளவுமுறை ஆறு படிகளில் முக அசைவை அளக்கிறது. நாலாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு வந்துவிட்டார் என்று குறிப்பேட்டில் சந்தோஷமாக எழுதியிருக்கும், அவரோ காற்றடித்தால் கண் எரிகிறது, தம்ளரில் குடித்தால் ஓரம் வழிகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். கண் எரிச்சல், கண்ணீர், வாயின் செயல்பாடு, பிறரோடு பழகுவது எல்லாவற்றையும் ஃபேஸ் ஸ்கேல் நோயாளியிடமே கேட்கிறது. இரண்டும் வேண்டும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று இல்லை.

உதடு, அண்ணப் பிளவுக்கு கிளெஃப்ட்-கியூவைத் தயங்காமல் எடுங்கள். 12 நாடுகளில், 8 முதல் 29 வயது வரை உள்ளவர்களிடம் சோதித்து உருவாக்கியது. பிள்ளையே பதில் சொல்ல வேண்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கக் கூடாது.

எந்தத் தாளாக இருந்தாலும் எப்போது கொடுக்கிறோம் என்பதைப் பாருங்கள். நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு கட்டியவருக்கு அதன் வேரை, அதாவது பழைய இடத்தோடு இன்னும் ஒட்டியிருக்கும் பகுதியை, வெட்ட ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், அதற்குள் தோற்றத்தில் திருப்தியா என்று கேட்பது கொடுமை. தழும்பு ஒரு வருஷம் வரைகூட மாறிக்கொண்டிருக்கும். அறுவைக்கு முன், மூன்றாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று வைத்துக்கொண்டால் ஓரளவு நியாயமாக இருக்கும்.

அப்புறம், தாளின் அடியில் இரண்டு வரி இடம் விடுங்கள். மூக்கு சீரமைத்த ஒரு அம்மா எல்லா அளவுகோலிலும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டு, அந்த இடத்தில் "கண்ணாடி ஒரு பக்கம் நழுவிக்கொண்டே இருக்கிறது, படிக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார்.