ஆர்கேட் பெட்டிக்குள் யுனிவர்சல் போர்டு: ஈரோட்டுக் கடை ஒன்றின் வேலை

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், நானே பிளைவுட்டில் அடித்துக் கட்டிய ஆர்கேட் பெட்டிக்குள் (கேம் கடைகளில் இருந்த வீடியோ கேம் பெட்டி மாதிரி) 32 அங்குல ஸ்மார்ட் டிவி ஒன்றைச் சட்டம் கழற்றிப் பொருத்தியிருந்தேன். பெட்டியின் பக்கவாட்டிலுள்ள ஒரே சுவிட்சைத் தட்டினால் கேமை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி எழுந்துவிடும், பொத்தான்களின் விளக்குகளும் எரியும்; டிவி மட்டும் சிவப்புப் புள்ளியோடு ரிமோட்டுக்குக் காத்துக்கிடக்கும். ஒரு ரூபாய் நாணயத்தோடு நாங்கள் ஓடிய அந்தக் கால கேம் கடைகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அங்கிருந்த படக்குழாய் மானிட்டர்களுக்கு இப்படிக் காத்துக்கிடக்கும் ஸ்டாண்ட்பை என்ற நிலையே கிடையாது என்பதால், கடைக்காரர் மெயினைப் போட்டதும் அத்தனை திரைகளும் ஒளிர்ந்துவிடும்.

முதலில், எச்டிஎம்ஐ கேபிள் வழியே ஒரு கருவி இன்னொன்றுக்குக் கட்டளையிடும் சிஇசி வசதியைத்தான் நம்பினேன். அந்தக் கேபிளின் 13ஆம் பின் வழியே ராஸ்பெரி பை, டிவியை எழுப்பும் கட்டளையை அனுப்ப முடியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே நொடியில் மின்சாரம் வருவதால், கட்டளை போய்ச் சேரும்போது என் டிவி அதைக் கேட்கும் நிலைக்கே வந்திருக்கவில்லை. இருபது நொடி தாமதப்படுத்திய பிறகும் நான்கில் ஒரு முறை கைவிட்டது. ரிமோட்டைப் போல அகச்சிவப்புச் சமிக்ஞை அனுப்பும் சிறு சுற்றையும் யோசித்தேன். போடவும் அணைக்கவும் அந்த ரிமோட்டுக்கு ஒரே பொத்தான்தான் என்பதால், ஏற்கெனவே எரியும் டிவியை அது அணைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஈரோட்டில் எனக்குத் தெரிந்த டிவி பழுதுநீக்கும் கடைக்காரர் என் கதையை முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "பேனல் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது, போர்டை மாத்தீட்டா முடிஞ்சுதுங்க" என்றார். பேனல் என்றது திரையை, போர்டு என்றது அதை இயக்கும் மின்சுற்றுப் பலகையை. உள்ளிருந்த ஸ்மார்ட் போர்டைக் கழற்றிவிட்டு, பல வகைப் பேனல்களுக்கும் பொருந்தும் யுனிவர்சல் போர்டு ஒன்றைப் பொருத்தினார். பேனலுக்குப் போகும் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கும் ஜம்பரை (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) மட்டும் மீட்டர் வைத்து இரண்டு முறை சரிபார்த்தார். 5 வோல்ட் பேனலுக்கு 12 வோல்ட் போனால் பேனலையே மறந்துவிட வேண்டியதுதான். பிறகு பேனலின் 1366×768 அளவுக்கு ஏற்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, ரிமோட்டில் மெனுவை அழுத்தி 1147 என்று தட்டினார். பழுதுநீக்குபவர்கள் பயன்படுத்தும் ஃபேக்டரி மெனு திறந்தது. அதில் பவர் ஆன் மோடு என்ற வரியில் மூன்று தெரிவுகள்: ஸ்டாண்ட்பையில் நிற்பது, கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்புவது, மின்சாரம் வந்ததும் நேராக எரிவது. மூன்றாவதை வைத்தார். இத்தனை நாள் நான் கட்டளை எழுதிப் போராடியதற்கான விடை ஒரு மெனு வரிக்குள் உட்கார்ந்திருந்தது.

இரண்டு மாதமாகிறது, ஒரு நாளும் தவறவில்லை. ராஸ்பெரி பை எழும்வரை நீலத்திரையில் 'நோ சிக்னல்' மிதப்பது கொஞ்சம் அசிங்கம். கடைக்காரர் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் இழுத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. போர்டும் கூலியுமாக 2,400 ரூபாய் என்பது நியாயமான விலை.

இந்த அமைப்புக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஓர் இரவு பெட்டியின் சுவிட்சை அணைக்க மறந்திருந்தேன். போன கரண்ட் இரண்டு மணிக்குத் திரும்பியபோது, டிவியும் கேமும் முழுச் சத்தத்தில் எழுந்துகொண்டன. "ஆரூட்டுல சாமி நோம்பி?" என்று கேட்டுக்கொண்டே அம்மிச்சி விளக்கைப் போட்டார். அன்று முதல் ஃபேக்டரி மெனுவில் தொடக்க ஒலியளவைப் பத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறேன்.

ஸ்மார்ட் வசதிகள் எல்லாம் போய்விடும் என்பதால், கூடத்தில் வைத்துப் பார்க்கும் டிவிக்கு இந்த வேலையைச் செய்ய வேண்டாம். பெட்டிக்கென்றே பழைய டிவி வைத்திருப்பவர்கள், பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், ஜம்பரும் மென்பொருளும் எதுவென்று அங்கேயே முடிவாகிவிடும்.