51,600 ரூபாய் கேமிங் பிசி: மூன்று ஊர்க் கடைகளும் ஒரு வருட அனுபவமும்

2024 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே அக்கா பையன் போனில் பிடித்துக்கொண்டான். "மாமா, லேப்டாப் வேண்டாம், கேமிங் பிசி வாங்கிக் கொடுங்க, காலேஜுக்கும் அதுவே போதும்." நல்ல மார்க் வாங்கித் தொலைத்திருந்தான், மறுக்க வழியில்லை. அக்கா கொடுத்தது 50,000 ரூபாய். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் மாமன் கணக்கு என்று தீர்ப்பும் அக்காவே எழுதிவிட்டாள்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ். ஒரு பக்கம் பாலக்காடு, கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை, மூன்றும் பஸ்ஸில் போய்விட்டு அன்றே திரும்பும் தூரம்தான். அப்பா காலத்தில் எந்தப் பொருள் எல்லைக்கு எந்தப் பக்கம் மலிவு என்று ஒரு கணக்கு இருக்கும். 2017இல் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் சோதனைச்சாவடியும் போனபிறகு, கம்ப்யூட்டர் பாகங்களுக்கு இரண்டு பக்கமும் அதே 18 சதவீதம்தான். இப்போது விலை வித்தியாசம் என்றால் அது கடைக்காரர் மனசைப் பொறுத்தது.

கடைப் பெயர் எதையும் போடப் போவதில்லை. புகழ்ந்தால் எவ்வளவு வாங்கினாய் என்பீர்கள், திட்டினால் அவர்கள் வீட்டுக்கே வந்துவிடுவார்கள்.

முதலில் பாலக்காட்டில் ஒரு கடை. நுழைந்ததும் "சேட்டா, கேமிங் அல்லே?" என்று கேட்டுவிட்டு அவரே ஒரு பெட்டியைக் காட்டினார். ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் கண்ணாடி, உள்ளே ஏழு நிறத்தில் சுற்றும் மூன்று ஃபேன், 42,000 ரூபாய். பையன் கண் அங்கேயே மின்ன ஆரம்பித்துவிட்டது. நான் மெதுவாக எந்த ஐ7 என்று கேட்டேன். நான்காம் தலைமுறையாம். அது 2013இல் வந்தது. நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் பிடிக்கும் வேலை வரிசைகள்). அதே நான்கு கோர் எட்டு த்ரெட் கொண்ட 2022ஆம் வருட ஐ3 12100எஃப் அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அந்தப் பழைய ஐ7இல் விண்டோஸ் 11க்கு அதிகாரப்பூர்வ ஆதரவும் கிடையாது, விண்டோஸ் 10க்கோ 2025 அக்டோபரோடு முடிவு. அந்த 4 ஜிபி கார்டு ஜிடி 730, பத்து வருடப் பழசு. 4 ஜிபி என்ற எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது, அகலமான ரோடு இல்லாமல் பெரிய பஸ் ஸ்டாண்டு கட்டின மாதிரி அது. இணையத்திலும் இந்த மாதிரி ஐ7 கேமிங் பெட்டி நிறைய ஓடுகிறது, தலைமுறை எண்ணைச் சொல்லாத எந்த விளம்பரத்தையும் நம்ப வேண்டாம்.

கிளம்பும்போது பேச்சுக்கு ஒன்று கேட்டேன். "எஸ்எம்பிஎஸ் என்ன?" அவர் சொன்னார், "அது கேபினெட்டோடு வரும்."

அங்கேதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. பிராசஸரைப் பற்றி எந்தக் கடைக்காரரும் வாய் கிழியப் பேசுவார். மின்சாரம் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிக் கேட்டால் என்ன பதில் வருகிறதோ, அதுதான் கடையின் லட்சணம்.

கோவையில் காந்திபுரம் பக்கம் ஒரு பெரிய கடை. சரக்கு என்றால் அங்கேதான் சரக்கு, நான் எழுதிக்கொண்டு போன லிஸ்டில் எல்லாமே ஸ்டாக்கில் இருந்தது, விலையும் குறைவு. ஆனால் கிராபிக்ஸ் கார்டு மட்டும் தனியாகக் கிடையாதாம், அதே விலைக்கு வேண்டுமென்றால் அவர்கள் தள்ளிவிட நினைக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும் சேர்த்து எடுக்க வேண்டுமாம். அந்த எஸ்எம்பிஎஸ் மேல் 500 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது, மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை மட்டும் தேடியும் கிடைக்கவில்லை. கேட்டால் "சார், எல்லாரும் இதைத்தான் எடுக்கறாங்க." எல்லாரும் எடுத்தால் எனக்கென்ன.

மூன்றாவது பொள்ளாச்சி. சின்னக் கடை, பாதி இடம் ரிப்பேருக்கு வந்த பழைய பிரிண்டர். கடைக்காரர் லிஸ்டை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். "ஏனுங்க, கார்டு ஆர்எக்ஸ் 6600ங்களா? அப்ப எஸ்எம்பிஎஸ் 550 வாட், 80 பிளஸ்ல வெண்கலத் தரம் (பிரான்ஸ்) போதுமுங்க, 650 எழுதியிருக்கீங்க, அந்தக் காசை வேற எதுலயாச்சும் போடுங்க." விற்கிறவரே விலையைக் குறைக்கிறார். சரி, இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வாங்கினதைச் சொல்கிறேன், 2024 மே விலை. இன்றைய விலையை நீங்களே பாருங்கள், ராம் விலையெல்லாம் தங்கம் மாதிரி ஏறி இறங்கும். ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர் 10,800. பி450 மதர்போர்டு 6,200. 16 ஜிபி ராம், டிடிஆர்4, 3200 வேகம், 8 ஜிபி இரண்டாக 3,400. போர்டிலேயே சொருகும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி (சேமிப்பு டிரைவ்), 500 ஜிபி, 3,100. ஆர்எக்ஸ் 6600 கார்டு 20,500. 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,300. வலை முகப்புள்ள கேபினெட் 3,300. ஆக மொத்தம் 51,600. அசெம்பிள் கூலி வாங்கவில்லை. அந்த 1,600ம் என் பாக்கெட்டில் இருந்துதான், அக்காவுக்கு இன்னும் தெரியாது.

பார்த்தீர்களானால் மொத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் கார்டுக்கே போயிருக்கிறது. சின்ன பட்ஜெட்டில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பையனுக்கு முதலில் ரைசன் 7 மேல் ஆசை. எட்டு கோர் எடுத்துவிட்டு கார்டில் 4 ஜிபிக்கு இறங்கினால் விளையாட்டில் ஒன்றும் தெரியாது, பெயர்தான் பெருமை. 4 ஜிபி கார்டுகளில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை ஆசை காட்டும், ஆனால் அது மதர்போர்டோடு பேசுகிற வழி ரொம்பக் குறுகல், பி450 மாதிரி பழைய போர்டில் போட்டால் இன்னும் அடி வாங்கும். 6600க்கு 8 ஜிபி, 132 வாட், 1080பி மானிட்டருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. குறையும் உண்டு. ஒளி நிழலை நிஜம்போலக் காட்டும் ரே ட்ரேசிங் போட்டால் மூச்சு வாங்கும், சின்னப் படத்தைப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் இதில் கிடையாது. பையன் வீடியோ எடிட்டிங், பிளெண்டரில் 3டி என்று போகிறவனாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் போட்டு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கியிருப்பேன். இவன் ஆடுவது வேலரண்டும் ஜிடிஏ 5ம், அதற்கு இது தாராளம்.

பிராசஸர் வாங்கும்போது பாக்ஸா ட்ரேயா என்று கட்டாயம் கேளுங்கள். பாக்ஸில் ஏஎம்டியின் மூன்று வருட வாரண்டியும் கூடவே ஒரு கூலரும் வரும். ட்ரே என்பது கம்பெனிகளுக்கு மொத்தமாகப் போகிற சரக்கு, சில நூறு ரூபாய் குறையும், கூலர் தனியாக வாங்கினால் அந்த லாபமும் போச்சு.

இனி உள்ளூர்க் கடைக்கு ஏன் காசு கொடுத்தேன் என்பதற்கு வருகிறேன். ஆன்லைனில் வாங்கியிருந்தால் 1,200 ரூபாய் குறைந்திருக்கும். ஆனால் அந்த பி450 போர்டு பழைய ஸ்டாக், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸும் பழசு, 5000 வரிசை பிராசஸரை அதற்கு அடையாளமே தெரியவில்லை. எல்லாம் பூட்டி ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. வீட்டில் இப்படி நடந்திருந்தால் நான் ராத்திரி முழுக்க எந்த ஒயரைக் கழற்றலாம் என்று உட்கார்ந்திருப்பேன். இவர் அலட்டிக்கொள்ளாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ரைசன் 3ஐ எடுத்துப் பொருத்தி, பென் டிரைவில் பயாஸை ஏற்றி, திரும்ப 5600ஐ வைத்தார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் படம் வந்துவிட்டது. அந்த இழுப்பறை ரைசன் 3க்குத்தான் என் 1,200 ரூபாய்.

இவரிடமும் குற்றம் இல்லாமல் இல்லை. ராம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் சொருகி அனுப்பியிருக்கிறார். நான்கு ஸ்லாட் போர்டில் ஒன்று விட்டு ஒன்றில், வழக்கமாக இரண்டாவதிலும் நான்காவதிலும், போட்டால்தான் இரட்டைச் சேனல், அதாவது ராமுக்கு இரண்டு வழி, இல்லாவிட்டால் 8 ஜிபி இரண்டாக வாங்கினதற்கே அர்த்தம் இல்லை. போதாததற்கு ராமை முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பியை பயாஸில் ஆன் செய்யவில்லை, 3200க்குக் காசு கொடுத்துவிட்டு 2400இல் ஓடிக்கொண்டிருந்தது. இது தெரியவே எனக்கு மூன்று வாரம். போனில் சொன்னேன். "அய்யோ, மறந்துட்டனுங்க" என்றார், மழுப்பவில்லை. நானே மாற்றிவிட்டேன், ஐந்து நிமிட வேலை. மாற்றின அன்று பையன் "மாமா, ஏதோ ஸ்மூத்தா இருக்கு" என்றான், நான் காரணம் சொல்லவில்லை.

அதற்கு முன்பே இன்னொரு கூத்து. வாங்கி வந்த அன்று ராத்திரி பத்து மணிக்கு அக்கா வீட்டிலிருந்து போன். "மாமா, டிஸ்ப்ளே வரல, எரிஞ்சு போச்சுபோல." அக்கா பின்னாலிருந்து ஐம்பதாயிரம் ஐம்பதாயிரம் என்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் சொருகியிருக்கிறான். 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கேபிள் கீழே கார்டில்தான் போக வேண்டும். அப்புறம் வேலரண்ட் திறக்கவில்லை என்று ஒரு நாள். விண்டோஸ் 11இல் அதற்கு டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதியும் ஆனில் இருக்க வேண்டும், அதுவும் பயாஸ் வேலைதான்.

வெயிலுக்கு வருவோம். 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரியைத் தாண்டியது, நாங்கள் வாங்கியது அந்தச் சூடு ஆறாத மே மாதம். கண்ணாடி முகப்பு வேண்டாம், வலை முகப்புதான் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குப் பையன் இரண்டு நாள் பேசவில்லை. இந்த வருடக் கோடையில் மதியம் ஏசி இல்லாத ரூமில் ஜிடிஏ ஓடும்போது பிராசஸர் 84 வரை போனது, அதன் உச்ச வரம்பு 90. கண்ணாடிப் பெட்டியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம். வலைக்கும் ஒரு விலை உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் புழுதி சும்மா விடாது, மாதம் ஒரு முறை ஃபில்டரைக் கழற்றித் தட்ட வேண்டும். பையன் தட்டுவதில்லை, அக்கா விளக்குமாற்றோடு வருகிறாள், அதற்கு நான் பொறுப்பல்ல.

யுபிஎஸ் 1000 விஏ எடுத்தேன். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஐப்பசி இடி இங்கே சாதாரண இடி இல்லை, வானம் கறுத்தால் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும், இணைய ஒயரையும் சேர்த்து.

ஒரே வருத்தம் எஸ்எஸ்டி. இன்னும் 1,700 போட்டு 1 டிபி எடுத்திருக்க வேண்டும். ஜிடிஏ ஒன்றே 100 ஜிபியைத் தாண்டிவிடுகிறது, நான்கு கேம் போட்டால் ஐந்தாவதுக்கு ஒன்றை அழிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சமான காசை இதில் போட அந்தப் பொள்ளாச்சிக்காரர் அன்றே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. போன வாரம் அவரிடமே போய் 1 டிபி ஒன்று வாங்கினேன், போர்டில் இரண்டாவது என்விஎம்இ இடம் இல்லாததால் வேகம் குறைந்த சாட்டா வகைதான், கேம் வைக்க அது போதும். பேங்க் கார்டு தேய்த்தால் 2 சதவீதம் கூட வேண்டும் என்றார், எனக்கு அது பிடிக்காது, யுபிஐயில் கொடுத்தேன்.

பொள்ளாச்சிக் கடைக்கு ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று ராம் ஸ்லாட்டுக்கு.