பாஸ்புக்கில் டீக்கணக்கு: யுபிஐ லைட்டுடன் நான்கு மாதம்

தையல் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். தருமபுரியில் கடை என்று பெயருக்கு ஒரு அறை. வாரத்தில் நான்கு நாட்கள் பையைத் தூக்கிக்கொண்டு பாலக்கோடு, ராயக்கோட்டை, பென்னாகரம், அரூர் என்று சுற்றுகிறேன். கூலி யுபிஐயில் வருகிறது. டீ, வடை, பாபின், ஊசி என்று போவதும் அதே கணக்கிலிருந்துதான். வம்பு அங்கேதான் தொடங்கியது.

ஒரு நாள் வங்கிக்குப் போய், பதிவு இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகினேன். அரூரில் ஓவர்லாக் மெஷின் ஒன்றைச் சரிசெய்து கொடுத்ததற்கான 1,800 ரூபாயைத் தேடித்தான் போனேன். இயந்திரம் கறகறவென்று அடித்துக்கொண்டே இருந்தது. 12, 15, 10, 24, மறுபடியும் 12. பக்கத்தைத் திருப்பு என்றது, திருப்பினேன். இன்னொரு பக்கம் என்றது. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, டீக்கடை வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். வைத்திருக்கவில்லை, குடித்திருக்கிறேன் என்றேன். பாஸ்புக் தீர்ந்துபோனது, 1,800 கண்ணில் படவில்லை. அந்த இரைச்சலுக்குள் எங்கோ இருந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம்.

அன்று இரவே போனில் யுபிஐ லைட்டைத் தொடங்கினேன். 2022 செப்டம்பரிலேயே வந்துவிட்ட வசதி, நான்தான் கவனிக்கவில்லை. கணக்கிலிருந்து ஒரு தொகையை எடுத்து லைட்டில் போட்டு வைக்க வேண்டும். அப்போது மட்டும் பின் (PIN) எண் கேட்கும். அதற்குப் பிறகு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை செலவு செய்தால் அந்த எண்ணைக் கேட்காது. அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை போட்டு வைக்கலாம். என் காரியத்துக்கு உதவியது இதுதான்: நிரப்பிய தொகை மட்டுமே பாஸ்புக்கில் ஒரு வரியாக ஏறும். அதைக் கொண்டு குடித்த முப்பது டீ ஏறாது.

டீக்கடையில் இதன் வேகம் தனி. கடையின் க்யூஆர் அட்டையைக் கேமராவுக்குக் காட்டி, தொகையைத் தட்டி, அழுத்தினால் முடிந்தது. ஒலிபெருக்கிப் பெட்டி "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று சொல்லும்போது டம்ளர் என் கைக்குக்கூட வந்திருக்காது. வங்கியின் சர்வர் மாலையில் படுத்துக்கொள்ளும் நாட்களிலும் இது நிற்காமல் போனது. ஒவ்வொரு வடைக்கும் வங்கியின் கதவைத் தட்ட வேண்டியதில்லை என்பதால்.

ஆனால் இணையம் வேண்டும். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் பஸ் இறங்கத் தொடங்கினால் சிக்னல் வளைவுக்கு வளைவு வந்து போகிறது. என் போனில் அங்கே டிக்கெட் எடுக்கப் பார்த்து, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, கண்டக்டர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினார். சில்லறையைக் கொடுத்தேன்.

ஒகேனக்கல்லில் நடந்ததைச் சொன்னால்தான் முழுக்கதை. வேலை முடிந்த கையோடு எண்ணெய் மசாஜுக்கு உட்கார்ந்தேன். மசாஜ் செய்தவர் பாறைக்குப் பக்கத்து மரத்தில் க்யூஆர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருந்தார். நல்ல ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போனை எடுத்தால் என் கைரேகை எண்ணெய்க்குள் மறைந்துவிட்டது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், எதையும் போன் மதிக்கவில்லை. எண்களை அழுத்தினால் விரல் வழுக்கி வேறு எண் விழுந்தது. ஒருவழியாகத் திறந்தபோது, அட்டையின் உறை முழுக்க எண்ணெய்க் கறை. கேமராவுக்குக் கட்டங்கள் தெரியவில்லை. அவர் லுங்கி நுனியால் துடைத்தார், கறை இன்னும் பரவியது. கடைசியில் போன் எண்ணைச் சொன்னார், அனுப்பினேன். பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா, "நோட்டு இருந்தால் இந்நேரம் குளித்துவிட்டே வந்திருப்பாய் தம்பி" என்றார். அவரிடம் மீனுக்கு நோட்டாகவே கொடுத்தேன்.

சுங்கச்சாவடிக்கும் லைட்டுக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ஓசூருக்கு மைத்துனனின் காரில் போனபோது கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் அவனுடைய ஃபாஸ்டேகில் பணம் இல்லை. 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி, அப்படிப்பட்டவர்களுக்கு அப்போது யுபிஐயில் கட்டினால் கட்டணம் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு. நோட்டை நீட்டப் போனவனைத் தடுத்து என் போனை நீட்டினேன். வழிச்செலவுக்கு நோட்டுதான் பத்திரம் என்று பேசிக்கொண்டே வந்தவன் ஓசூர் வரை வாயைத் திறக்கவில்லை.

குறைகள் உண்டு. பின் எண் கேட்காது என்பதால், திறந்த போன் யார் கையில் இருந்தாலும் அதிலுள்ள பணம் அவருடையது. என் மகன் ஒரு சனிக்கிழமை இரவு அதை நிரூபித்தான். மூன்று பேர் பரோட்டா சாப்பிட்டிருந்தார்கள். அன்று முதல் லைட்டில் 500 ரூபாய்க்கு மேல் நிரப்புவதில்லை. சட்டைப்பையில் எவ்வளவு வைத்துக்கொள்வேனோ அவ்வளவுதான். லைட்டிலிருந்து செலவு செய்யலாமே தவிர, நமக்கு வருகிற பணம் அதில் சேராது, கணக்குக்குத்தான் போகும். எனக்கு அது வசதியே. போனை மாற்றுகிறவர்கள் பழையதில் லைட்டை நிறுத்தி, மிச்சத்தைக் கணக்கில் சேர்த்துவிட்டு மாற்றுங்கள். கடைக்காரரிடம் கொடுத்து அழித்த பிறகு யோசிக்காதீர்கள்.

போன வாரம் மறுபடியும் பாஸ்புக்கைச் செருகினேன். நான்கு மாதத்துக்கு இரண்டே பக்கம். வந்த கூலி ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. பாலக்கோடு 650, ராயக்கோட்டை 400, பென்னாகரம் 900. பழைய பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, டீயையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அரூர் 1,800 எதிலும் இல்லை. நாளைக் காலை முதல் பஸ் அங்கேதான்.