இரவு 12 மணி வரை பார்க் என்றார். மாலை 6 மணிக்கு வெளியே நின்றோம்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஆர்லாண்டோ டிஸ்னிக்குக் கூட்டிப்போகத் திட்டமிடுகிறீர்களா? வாட்ஸ்அப் குழுவில் "நம்ம ஊர் ஆள், நல்லா பிளான் போட்டுத் தருவார்" என்று யாராவது ஒரு நம்பரைக் கொடுத்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். அப்படி ஒருவருக்கு நான் 250 டாலர் கொடுத்து, மூன்று நாளில் இரண்டு நாளைக் கோட்டை விட்டேன்.

போன செப்டம்பர் கடைசி. அட்லாண்டாவிலிருந்து காரில் ஏழு மணி நேரம். நான், மனைவி, ஆறு வயதுப் பையன், மதுரையிலிருந்து வந்திருந்த அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. அரை மணிக்கு மேல் வரிசையில் நிற்க முடியாது. செப்டம்பரில் ஃப்ளோரிடா வெயிலும் புழுக்கமும் நம் ஊர் வைகாசியைத் தோற்கடிக்கும். கூட்டம் சேருவதற்கு முன் காலையில் கொஞ்சம், வெயில் தாழ்ந்த பிறகு இரவில் கொஞ்சம் என்று பார்த்தால் போதும் என்பதுதான் என் எண்ணம். அதைச் சொன்னதும் அந்த ஆள் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, டிஸ்னியில சூட்சுமமே டைமிங்தான். மத்தவங்களுக்குக் கதவு திறக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நீங்க உள்ள இருப்பீங்க. ராத்திரி எல்லாரும் கிளம்பின பிறகு ரெண்டு மணி நேரம் உங்களுக்கு மட்டும். நான் சொல்ற ஹோட்டல்ல போடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

சான்றுக்கு ஒரு படமும் அனுப்பினார். 'எக்ஸ்ட்ரா மேஜிக் அவர்ஸ்' என்று தலைப்பு. காலையில் ஒரு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம், டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு. படம் பொய்யில்லை, பழசு. அந்தத் திட்டம் 2020-இல் கொரோனாவுக்காகப் பார்க்குகளை மூடியதோடு போய்விட்டது, திரும்பவே இல்லை. 2021 அக்டோபரிலிருந்து இருப்பது வேறு ஏற்பாடு. காலையில் முன்கூட்டியே விடுவது 30 நிமிடம்தான். ஆனால் டிஸ்னியின் நான்கு பார்க்கிலும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) தினமும் உண்டு. இரவில் கூடுதல் இரண்டு மணி நேரம் என்பது குறிப்பிட்ட சில நாட்களில் மட்டும். அதுவும் டிஸ்னியின் 'டீலக்ஸ்' வகை ஹோட்டல்களிலும், ஸ்வான், டால்ஃபின் போல வெகு சிலவற்றிலும் தங்குகிறவர்களுக்குத்தான். டிஸ்னியின் சொந்த ஹோட்டலே ஆனாலும் விலை குறைந்த வகையில் அறை எடுத்திருந்தால் இரவு நேரம் கிடையாது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும்.

அடுத்தது ஹோட்டல். பெயரிலேயே 'லேக் புவேனா விஸ்டா' இருந்தது. டிஸ்னி முகவரியில் வருகிற அதே ஊர்ப் பெயர். போதாததற்கு 'டிஸ்னி குட் நெய்பர் ஹோட்டல்' என்ற முத்திரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் டிஸ்னி ஹோட்டல் என்றுதான் தோன்றும். உண்மையில் அது டிஸ்னி எல்லைக்கு வெளியே இருந்தது. அந்த முத்திரை இருக்கிற எல்லா ஹோட்டலுக்கும் காலைச் சலுகை கிடையாது; டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிப் பக்கம் இருக்கிற சிலதும், பானெட் கிரீக் பகுதியில் ஹில்டன், வால்டார்ஃப் மாதிரி சிலதும்தான் கணக்கில் வரும். முத்திரையை நம்பாமல், டிஸ்னியின் தளத்தில் உள்ள பட்டியலில் ஹோட்டலின் முழுப் பெயர் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஹாலிவுட் ஸ்டூடியோஸ். 9 மணிக்குத் திறப்பு, நமக்கு 8 மணிக்கு என்று அவர் தாளில் போட்டிருந்தது. ஐந்தரைக்கு எழுந்து, பையனைத் தூக்கக் கலக்கத்தோடு பல் தேய்க்க வைத்து, 7:45-க்கு வாசலில் நின்றோம். நாங்கள்தான் முன்வரிசை என்று அப்பாவுக்கு ஒரே பெருமை. 8:30-க்குத்தான் ஆளை விட ஆரம்பித்தார்கள். ஊழியர் ஒருவர் கைக்கருவியில் எங்கள் டிக்கெட்டைத் தட்டினார், எந்த ஹோட்டல் என்று கேட்டார், சொன்னேன். "சாரி" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஒதுங்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். பையன் மூன்று மாதமாகக் கனவு கண்ட ஸ்லிங்கி டாக் ரயிலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பலகையில் 80 நிமிடம். அம்மாவை நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் வரிசையில் நின்றோம்.

போன் பண்ணினேன். "அது ஹோட்டல்காரன் சிஸ்டத்துல ஏத்தாம விட்டிருப்பான் தம்பி, சின்ன மிஸ்டேக். நாளைக்குப் பாருங்க, மேஜிக் கிங்டம், நைட்டு பன்னெண்டு வரைக்கும். காலையில நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு மெதுவா மத்தியானம் போங்க."

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நாள் முழுக்க அடுத்தவன் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். டிஸ்னி தளத்தில் நேர அட்டவணையைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் 12 மணிக்குக் கிளம்பினோம். மேஜிக் கிங்டமுக்குக் காரை நிறுத்தினால் உடனே உள்ளே போய்விட முடியாது. நிறுத்துமிடம் ஏரிக்கு இந்தப் பக்கம், பார்க் அந்தப் பக்கம். படகோ மோனோரயிலோ பிடிக்க வேண்டும். மெயின் ஸ்ட்ரீட்டில் கால் வைக்கும்போது மணி ஒன்றரை. கோட்டையைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகில் வரிசை வரிசையாக ஆடுகிற பொம்மைகளைப் பார்த்ததும், "நம்ம கொலு மாதிரியே இருக்குடா, படிக்கட்டுதான் இல்லை" என்றார். இந்தப் பயணத்தில் எனக்கு மிச்சம் அந்த ஒரு வரிதான்.

இரவு 12 வரை நேரம் இருக்கிறதே என்று அவசரப்படவில்லை. ஐஸ்கிரீம் தின்றோம். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்துக் கால் நீட்ட வைத்தோம். ஏழு குள்ளர் ரயிலுக்கு நீண்ட வரிசை. ராத்திரி கூட்டம் குறைந்ததும் ஏறலாம் என்று பையனைச் சமாதானப்படுத்தினேன்.

நாலு மணி தாண்டியதும் கூட்டம் குறைவதற்குப் பதில் கூடியது. சூனியக்காரித் தொப்பி, கடற்கொள்ளையர் வேஷம், பெரியவர்கள்கூட இளவரசி உடையில். "இன்னிக்கு ஏதாவது மாறுவேடப் போட்டியாடா?" என்று அம்மா கேட்டார். எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. எங்கள் கையில் இல்லை. ஐந்தே முக்காலுக்கு ஓர் ஊழியர் வந்து எங்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, பகல் டிக்கெட்டுக்கு ஆறு மணியோடு பார்க் முடிகிறது என்று மிகப் பணிவாகச் சொன்னார். அதற்கு மேல் எந்த ரைட் வரிசையிலும் பட்டை இல்லாமல் விடமாட்டார்கள்.

விஷயம் இதுதான். ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் 31 வரை வாரத்தில் பல இரவுகள் மேஜிக் கிங்டமில் ஹாலோவீன் பார்ட்டி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். இரவு 7 முதல் 12 வரை. பார்ட்டி டிக்கெட் வைத்திருப்பவர்கள் மாலை 4 மணியிலிருந்தே உள்ளே வரலாம். அன்றைக்குச் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு 6 மணிக்கு மூடிவிடுவார்கள். வழக்கமான இரவு வாணவேடிக்கை நமக்குக் கிடையாது. நம்ம ஆள் அட்டவணையில் அந்த '12' என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பிளான் போட்டிருக்கிறார். அன்றைய பார்ட்டி டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்துவிட்டது. எங்களுடையது ஒரு நாளைக்கு ஒரு பார்க் டிக்கெட். ஒரே நாளில் பார்க் மாறிப் போகவிடும் 'ஹாப்பர்' டிக்கெட் எடுத்திருந்தாலாவது எப்காட்டுக்குப் போய் மீதிப் பொழுதைக் கழித்திருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பார்ட்டி நாள் மோசமான நாளே இல்லை. வாணவேடிக்கை வேண்டும் என்கிறவர்கள் அன்றைக்கு வரமாட்டார்கள் என்பதால் காலையில் பெரும்பாலும் கூட்டம் குறைவு. திறக்கும்போதே போய், நாலு மணிக்குள் முடித்துக்கொண்டு கிளம்பினால் மற்ற நாட்களைவிட அதிகம் பார்க்கலாம். எங்களைக் காலை முழுக்க ஹோட்டலில் படுக்க வைத்து, கூட்டம் ஏறும் நேரத்துக்கு அனுப்பிவைத்தார் மகானுபாவர்.

திரும்பும் படகில் பையன் அழுது தூங்கிவிட்டான். அப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லடா, மீனாட்சி கோயில்லயும் மத்தியானம் நடை சாத்துவாங்க, நேரம் கேட்டுட்டுத்தான் போவோம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாம் நாள் எப்காட். தாளில் "இரவு 9 முதல் 11 வரை உங்களுக்கு மட்டும்" என்று இருந்தது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு நானே போனில் பார்த்துப் பார்த்துப் போனோம். அந்த நாள் நன்றாகவே போனது.

பணம் திரும்பக் கேட்டேன். "வெப்சைட்ல பன்னெண்டுன்னுதானே இருக்கு தம்பி, அவங்க மாத்தினா நான் என்ன பண்றது?" அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றம் வழியாக அனுப்பியிருந்தேன். நாமே மனமுவந்து அனுப்பிய பணம் என்று வங்கியும் கைவிரித்துவிட்டது. கிரெடிட் கார்டாக இருந்தால் சண்டை போட ஒரு வழியாவது இருந்திருக்கும். டிஸ்னி பயணம் போட்டுத் தரும் முறையான ஏஜெண்டுகள் பலர் நம்மிடம் கட்டணமே வாங்குவதில்லை, அவர்களுக்குக் கமிஷன் டிஸ்னியிலிருந்தே வருகிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது.

யாரிடம் பிளான் கொடுத்தாலும், நீங்கள் போகும் தேதியை டிஸ்னி தளத்தின் நேர அட்டவணையில் நீங்களே திறந்து பாருங்கள். பார்க் நேரம், முன்கூட்டி நுழைவு, இரவு நீட்டிப்பு, தனி டிக்கெட் நிகழ்ச்சி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கும். மேஜிக் கிங்டம் நேரம் மாலை 6 என்று முடிந்தால் பெரும்பாலும் அன்றைக்குப் பார்ட்டி. ஆர்லாண்டோவிலேயே இருக்கும் யுனிவர்சல் போகிறவர்களுக்கும் இதே கதைதான்: ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் என்ற தனி டிக்கெட் நிகழ்ச்சி நடக்கும் நாட்களில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்க்கைச் சாதாரண டிக்கெட்டுக்கு 5 மணிக்கே மூடுவார்கள், பக்கத்து ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சருக்கு அந்தப் பாதிப்பு இல்லை.

போன வாரம் அதே குழுவில் அவருடைய புது விளம்பரம் வந்தது. "டிசம்பர் ஸ்பெஷல்! மேஜிக் கிங்டம் நள்ளிரவு 12 வரை!" தேதியைப் பார்த்தேன். கிறிஸ்துமஸ் பார்ட்டி நாள். டிஸ்னியின் அட்டவணையைப் படமெடுத்து அதற்குக் கீழே போட்டேன். பத்து நிமிடத்தில் அட்மின் என் பதிவை நீக்கிவிட்டு, "குழுவில் தனிப்பட்ட பிரச்சினைகள் வேண்டாமே" என்று கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது; நாலு குடும்பம் "இன்டரஸ்டட்" என்று போட்டிருக்கிறார்கள்.