காத்திருப்பதா, ஊசி போடுவதா: செல்லப்பிராணியின் கடைசி நாட்கள் பற்றி ஓர் அலசல்

இனி குணமாகாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு வீட்டில் நடக்கிற வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றுதான். "அதுபாட்டுக்குப் போகட்டுமே, நாம ஏன் ஊசி போட்டுக் கொல்லணும்?" என்பார் ஒருவர். "அது படுற பாட்டைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்பார் இன்னொருவர். இரண்டும் பாசத்தில் வருகிற பேச்சுதான். ஆனால் இந்த இரண்டு வழியும் நடைமுறையில் எப்படிப் போய் முடிகின்றன என்று தெரியாமலே பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள்.

முதலில் காத்திருப்பதைப் பார்ப்போம். ராத்திரி படுத்த பிராணி காலையில் எழாமல் போகும் என்பதுதான் நம் மனதில் இருக்கும் ஆசை. அப்படிப் போவதும் உண்டு. நோயில் கிடக்கிற பிராணிக்கு அதை நம்பியிருக்க முடியாது. இதயம் பழுதாகி நுரையீரலில் நீர் கோத்த நாய் படுக்கவே படுக்காது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, விடியவிடிய உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கும். கண் சொக்கித் தலை சாயும்போது மூச்சு முட்டித் திடுக்கிட்டு நிமிரும். சிறுநீரகம் கெட்ட பூனை தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப்போட்டுக் குந்தியிருக்கும். குமட்டலில் வாய் வைக்காது. சத்தம் போடவில்லை என்பதால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. பூனைகள் வலியை மறைக்கிற பிராணிகள்.

காத்திருப்பதிலும் இரண்டு ரகம் உண்டு. வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து, தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது, வழுக்காத விரிப்பு, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என்று ஒரு மருத்துவரின் கண்காணிப்பில் நடப்பது ஒன்று. அதைச் செய்கிறவர்கள் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எதுவும் செய்யாமல் விட்டுவிடுவது இன்னொன்று. அதை இயற்கை மரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பராமரிப்புக்குப் பிறகும்கூட ஒரு நடுராத்திரியில் மூச்சுத்திணறலோ விடாத வலிப்போ வரலாம். வழக்கமான கிளினிக் மூடியிருக்கும். ஊசியே வேண்டாம் என்று இருந்த குடும்பம், முன்பின் தெரியாத மருத்துவரிடம் அதே ஊசியைக் கேட்டு நிற்கும். அதனால் இந்த அலசலில் உண்மையான போட்டி, முன்கூட்டித் தீர்மானித்த முடிவுக்கும் அவசரத்தில் வந்து விழும் முடிவுக்கும் இடையில்தான் என்பது என் கருத்து.

ஊசி என்றால் என்ன நடக்கும்? பெரும்பாலும் முதலில் ஒரு மயக்க மருந்து தருவார்கள். சில நிமிடங்களில் உடம்பு தளர்ந்து தலை கனத்துவிடும். காலில் கொஞ்சம் முடியை மழித்து நரம்பில் ஊசி ஏற்றுவார்கள். மருந்து பொதுவாகப் பென்டோபார்பிட்டல். மயக்க மருந்து வகையைச் சேர்ந்தது, அளவு மட்டும் மிக அதிகம். நினைவு முதலில் போகும், பிறகு மூச்சு, பிறகு இதயம். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். கண் மூடாது. சிறுநீர் வெளியேறலாம், தசை துடிக்கலாம், இழுத்து விடுவதுபோல ஓரிரு மூச்சு வரலாம். பார்ப்பவர்கள் பதறிப்போவது இங்கேதான். நினைவு தப்பிய உடம்பின் அனிச்சை அசைவுகள் இவை. பிராணி எதையும் உணர்வதில்லை.

எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-ல் ஒரு அளவுகோல் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்; 10 என்றால் நல்ல நிலை, வலிக்கும் அப்படித்தான். கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். ஒரு நாள் மதிப்பெண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வாரக்கணக்கில் அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போடுவது நல்லது, ஏனென்றால் அதிகம் நெருங்கியவர் கை தாராளமாக இருக்கும்.

வீட்டிலா, கிளினிக்கிலா? கிளினிக் வாசலிலேயே நடுங்குகிற நாய்க்கும் கூடையைக் கண்டாலே ஒளிகிற பூனைக்கும் வீடுதான் நல்லது, மருத்துவர் வர முடியுமானால். மூச்சுத்திணறல் இருந்தால், நரம்பு கிடைப்பது சிரமம் என்றால், கிளினிக். அங்கே ஆக்ஸிஜனும் உதவிக்கு ஆளும் இருக்கும். கூட்டமில்லாத நேரத்தைக் கேளுங்கள், பணத்தை முன்பே கட்டிவிடுங்கள். அழுத கண்ணோடு கவுண்டரில் நிற்கிற கொடுமை வேண்டாம்.

கூட இருப்பதா என்று தயங்குகிறவர்களுக்கு: மயக்கம் ஏறும்வரையாவது இருங்கள். அதுவரைதான் உங்கள் குரலும் கையும் அதற்குத் தெரியும். அதன் பிறகு வெளியே போய்விட்டால் அது கைவிட்டதாகாது.

புதைப்பதா, எரிப்பதா என்பது வீட்டின் விருப்பம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பென்டோபார்பிட்டல் உடம்பிலேயே தங்கிவிடும். ஆழமில்லாத குழியைத் தோண்டித் தின்கிற விலங்கும் சாகலாம்.

பிறகு வருவது குற்றவுணர்வு. ஊசி போட்டவருக்கு "அவசரப்பட்டுட்டோமோ", காத்திருந்தவருக்கு "இழுத்தடிச்சிட்டோமோ". இதில் எந்த வழியும் தப்பிப்பதில்லை. ஆனால் அந்த மதிப்பெண் தாளை வைத்திருப்பவருக்கு, எதற்காக அந்த முடிவை எடுத்தோம் என்று தன் கையெழுத்திலேயே படித்துப் பார்க்க முடியும். "ஒரு நாய்க்கா இப்படி?" என்று கேட்பவர்களும் வருவார்கள். சுற்றியிருப்பவர்கள் அங்கீகரிக்காத துக்கம் இன்னும் கனமாகும் என்பதை 1989-லேயே துக்கத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா எழுதியிருக்கிறார். பிராணி வளர்த்தவரிடம் பேசுங்கள், மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குழந்தையிடம் செத்துப்போனது என்றே சொல்லுங்கள். தூங்குகிறது என்றால் தானும் தூங்கப் பயப்படும்.

உடனே இன்னொன்று வாங்குவதா? சிலருக்கு அது உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் போனதன் பெயரையே அதற்கு வைக்கத் தோன்றினால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்னொரு பிராணி இருந்தால் அதன் சாப்பாட்டு நேரமும் நடை நேரமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதுவும் தேடும், சில நாள் சரியாகச் சாப்பிடாது. பூனை ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.