எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பேக்கேஜ் எடுக்கப்போகும் திருநெல்வேலிக்காரர்களே, 'ரெஸ்ட் டே' எங்கே என்று முதலில் கேளுங்கள்

போன அக்டோபரில் நானும் என் மச்சினனும் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பார்க்கப் போனோம். அதைத் தவிர மற்றதெல்லாம் பார்த்தோம். பெரிச்சே என்ற ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு ஹெலிகாப்டர், அப்புறம் அந்த ஹெலிகாப்டருக்கான பில். கூட்டிக்கொண்டு போனவர் நம்ம ஊர்க்காரர்தான். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பரவாயில்லை, இந்த மாதிரி பேக்கேஜை இப்போது நாலைந்து பேர் விற்கிறார்கள். நடந்ததைப் படித்தால் ஆளை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிற கூட்டம் எங்களுடையது. எனக்கு 47 வயது. மச்சினனுக்கு 34, பத்து கிலோமீட்டரை அசால்ட்டாக ஓடுகிறவன், சுகர் பிரஷர் எதுவும் கிடையாது. அங்கேதான் அந்த ஆர்கனைசர் பழக்கம்.

"அண்ணாச்சி, பத்து ரவுண்டு மூச்சு வாங்காம சுத்துறிய. உங்களுக்கு இதெல்லாம் ஒரு மலையா? ரெண்டு ஞாயித்துக்கிழம பண்பொழி திருமலக் கோவில் படிய நாலு தடவ ஏறி இறங்குங்க, அம்புட்டுதான் டிரெயினிங்."

நாங்களும் ஏறி இறங்கினோம். சாமி கும்பிட்டது மட்டும்தான் மிச்சம். திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் அண்ணாந்து பார்க்கிற பொதிகை உச்சி 1868 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2695. உடம்பு பழகும் முன்னால் உயரத்துக்கு ஏறினால் வருகிற உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். அதனால் நம்ம பக்கத்தில் யாருடைய தாத்தாவுக்கும் இதைப் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. பாபநாசம் மலையில் வருகிற தலைவலிக்குச் சுக்கு காப்பி போதும். 4000 மீட்டரில் வருகிற தலைவலி வேறு ஜாதி. தெரியாதவனிடம் விற்பது சுலபம் என்பதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஆளுக்கு 78,000 ரூபாய், காட்மாண்டு விமான டிக்கெட் தனி. கொடுத்த நோட்டீஸில் அழகாக அச்சடித்திருந்தார்கள்: வழியிலுள்ள நாம்சேயில் ஒரு நாள் ஓய்வு, டிங்போச்சேயில் ஒரு நாள் ஓய்வு, அனுபவமுள்ள கைடு, ஆக்சிமீட்டர், ஆக்சிஜன், ஹெலிகாப்டர் இன்சூரன்ஸ். நோட்டீஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நடை தொடங்குகிற ஊரான லுக்லாவுக்குப் போகிற விமானம் எப்படிப்பட்டது என்று அங்கே போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீசனில் பெரும்பாலும் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாது, ராமேச்சாப் என்ற ஊரிலிருந்துதான் கிளம்பும். நடுச்சாமத்தில் வேனில் ஏற்றி நாலைந்து மணி நேரம் கொண்டுபோவார்கள். மேகம் இறங்கினால் பறக்காது. எங்களுக்கு இரண்டு நாள் பறக்கவில்லை. இது யார் தப்பும் இல்லை, மலைப்பக்கம் அப்படித்தான். ஆனால் இப்படி நடக்கும் என்று தெரிந்தவர் திட்டத்தில் இரண்டு நாளைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டாமா? வைக்கவில்லை. திரும்பும் டிக்கெட்டை தேதி மாற்ற முடியாத மலிவு டிக்கெட்டாகப் போட்டுவிட்டார். இரண்டு நாள் எங்கேயிருந்து வரும்? நாம்சே ஓய்விலிருந்து ஒன்று, டிங்போச்சே ஓய்விலிருந்து ஒன்று. லுக்லாவில் இறங்கியதுமே கைடு சொல்லிவிட்டான், ரெஸ்ட் டே இல்லை என்று. பதினாலு பேரில் ஒருத்தரும் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஓய்வு நாள் என்றால் லாட்ஜில் சும்மா உட்கார்ந்திருப்பது என்றல்லவா நினைத்தோம்.

அந்த நாள் எதற்கு என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. மேலே போனால் ஆக்சிஜன் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். அழுத்தம்தான் குறைகிறது. 5500 மீட்டரில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் பாதி, அதனால் ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற ஆக்சிஜனும் ஏறக்குறைய பாதி. நாங்கள் தங்கவிருந்த லொபுச்சே உயரத்தில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. பருப்புக்கே இந்தக் கதி. உடம்பு வேகமாக மூச்சுவிட்டு, ரத்தத்தின் கணக்கைச் சிறுநீரகம் வழியாகச் சரிபண்ணி, மெல்ல மெல்லத்தான் பழகும். அதற்கு நாள் ஆகும். ஓட்டப்பந்தயக்காரனுக்கும் அதே நாள்தான் ஆகும். பார்க்கப்போனால் நல்ல தெம்புள்ளவன்தான் விறுவிறுவென்று ஏறி மாட்டிக்கொள்கிறான். 3000 மீட்டரைத் தாண்டிவிட்டால் இன்று படுத்த இடத்தைவிட நாளை படுக்கிற இடம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது, மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இரண்டாவது ராத்திரியும் படுக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்கிற கணக்கு.

எங்கள் கணக்கைப் பாருங்கள். முதல் ராத்திரி பாக்டிங், 2610. அடுத்தது நாம்சே, 3440. அடுத்தது தெங்போச்சே, 3860. அடுத்தது டிங்போச்சே, 4410. ஐந்தாம் ராத்திரி லொபுச்சே, 4940 என்று திட்டம். ஒரு இடத்திலும் இரண்டாவது ராத்திரி கிடையாது.

நாம்சேயில் எனக்கு லேசாகத் தலைவலி. கைடு ஆளுக்கு ஒரு பட்டையாக உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை கொடுத்தான். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது உண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை, எப்போது என்றும் சொல்லவில்லை. நான் போட்டேன். விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி, மணிக்கொரு தடவை ஒன்றுக்கு. கோக் வாங்கிக் குடித்தால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி சப்பென்று இருந்தது. டூப்ளிகேட் கோக் என்று கடைக்காரப் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டேன். அது மாத்திரையின் வேலை என்று பெரிச்சே டாக்டர் சொன்னபோது வெட்கமாகிவிட்டது. அந்தப் பெண் இதைப் படிக்கப்போவதில்லை, இருந்தாலும் மன்னிப்பு.

மச்சினன் மாத்திரை போடவில்லை. "அதெல்லாம் உங்க வயசுக்கு அத்தான்" என்றான். தெங்போச்சேயில் குளிருக்கு இரண்டு பெக் ரம் போட்டான். கைடு தடுக்கவில்லை, நானும்தான் தடுக்கவில்லை. அந்த உயரத்தில் சாராயமும் தூக்க மாத்திரையும் ராத்திரி மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ராத்திரி அவன் மூச்சு திடீரென்று நின்றுவிடும். நான் எண்ணுவேன். எட்டு, ஒன்பது, பத்து... அப்புறம் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவன் மாதிரி ஒரு பெரிய மூச்சு. மேலே போனால் பலருக்கும் தூக்கத்தில் இப்படி ஆகுமாம், அதுவே ஆபத்து இல்லையாம். தெரியாதவன் பக்கத்தில் படுத்திருந்தால் விடிய விடிய சாமி கும்பிட வேண்டியதுதான்.

டிங்போச்சேயில் அவன் சாப்பிடவில்லை. இரண்டு தடவை வாந்தி. டோலோ போட்டும் தலைவலி அடங்கவில்லை. ஆக்சிமீட்டரைக் கேட்டேன். கைடு பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தான், பேட்டரி இல்லை. ஆக்சிஜன் எங்கே என்றால் கொசு மருந்து டப்பா மாதிரி இரண்டு ஸ்பிரே டப்பா. நாலு இழுப்பில் தீர்ந்துவிடும். "பூண்டு சூப் குடிக்கச் சொல்லுங்க, காலையில சரியாயிரும்" என்றான். பூண்டு சூப் ருசியாகத்தான் இருந்தது.

தலைவலியோடு வாந்தியோ, பசியில்லாமையோ, தலைசுற்றலோ, அசதியோ சேர்ந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதற்குமேல் ஒரு அடி ஏறக்கூடாது. இது இன்று எனக்குத் தெரியும். அன்று காலை ஏழு மணிக்கு நாங்கள் மேலே ஏறினோம்.

லொபுச்சே போகிற வழியில் துக்லா ஏற்றத்தின் உச்சியில், மலையில் செத்தவர்களுக்காகக் கல் அடுக்கிக் கொடி கட்டிவைத்திருக்கிறார்கள். வரிசையாக நிறைய. அங்கே அவன் உட்கார்ந்தான். ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. கட்டப்போனான். லேஸை எடுத்து விரலில் சுற்றினான், பார்த்தான், அவிழ்த்தான், திரும்பச் சுற்றினான். சின்னப் பிள்ளை முதல்முதலாக முடிச்சுப் போடுவது மாதிரி. "ஏல, என்னல பண்ணுத?" என்றேன். நிமிர்ந்து பார்த்து, "ஜங்ஷன் வந்துட்டா அத்தான்?" என்று கேட்டான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

வேறொரு குழுவைக் கூட்டிவந்த ஷெர்பா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்ட வந்து அவனை எழுப்பி, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் பெருவிரலைத் தொடுகிற மாதிரி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தான். நான் பிடிக்காவிட்டால் கல்லில் விழுந்திருப்பான். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் முதலில் போவது இந்த நடைதான். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார், "கீழே". எங்கள் கைடோ, "லொபுச்சே ஒரு மணி நேரம்தான், அங்கே போய் ரெஸ்ட் எடுக்கலாம்" என்கிறான். ஒருத்தனைக் கீழே அனுப்பினால் கூடவே இன்னொரு கைடு போக வேண்டும். பதினாலு பேருக்கு இருந்ததே இவன் ஒருத்தன்தான். அந்த ஷெர்பா தன் போர்ட்டர் ஒருவரையே எங்களுடன் அனுப்பினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து இறக்கினோம். பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துகிற மருத்துவ நிலையம் இருக்கிறது. 1973-ல் தொடங்கிய அமைப்பு. சீசனில் டாக்டர்கள் இருப்பார்கள், மத்தியானம் மூன்று மணிக்கு உயர நோயைப் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். டிங்போச்சேயிலிருந்து ஒரு மேட்டைத் தாண்டினால் பெரிச்சேதான். ஓய்வு நாள் இருந்திருந்தால் நடந்தே போய் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். ஆக்சிமீட்டரில் அவன் ரத்தத்து ஆக்சிஜன் 61 சதவீதம் காட்டியது. ஆக்சிஜன் வைத்து டெக்ஸாமெத்தசோன் ஊசி போட்டார்கள். இதெல்லாம் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான், உண்மையான மருந்து கீழே இறங்குவதுதான் என்றார் டாக்டர். நுரையீரலில் நீர் கோர்ப்பது இன்னொரு வகை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைக்கும், நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம் கேட்கும், இளஞ்சிவப்பாக நுரைச்சளி வரும். அது இவனுக்கு இல்லை என்று ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துச் சொன்னார். விடிந்ததும் ஹெலிகாப்டர்.

இப்போது இன்சூரன்ஸ் கதை. நம்பரைக் கூப்பிட்டால், "உங்க பாலிசியில 3000 மீட்டருக்கு மேல ட்ரெக்கிங் கவர் ஆகாது சார்" என்கிறார்கள். 5364 மீட்டர் போகிறவனுக்கு 3000 மீட்டர் பாலிசி! லுக்லாவைத் தாண்டிய மறுநாளே அது செல்லாக்காசு. விமானத்தில் பெட்டி தொலைந்தால் காசு கொடுக்கிற சாதாரண டிராவல் பாலிசியை எடுத்துவிட்டு, நோட்டீஸில் 'ஹெலிகாப்டர் இன்சூரன்ஸ்' என்று அடித்திருக்கிறார். ஹெலிகாப்டருக்கு நாலு லட்சத்துக்கு மேல் ஆனது. என் கார்டில் பாதி, மீதியை எங்க வீட்டம்மா நகையை வைத்து அனுப்பினாள். தம்பிக்காக என்பதால் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம்தான் ஒரு வாரம் பேசவில்லை.

மச்சினன் காட்மாண்டுவில் இரண்டே நாளில் தெளிந்துவிட்டான். துக்லாவில் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. நான் மிகைப்படுத்துவதாக இன்னமும் நினைக்கிறான்.

ஊருக்கு வந்து ஆர்கனைசரைப் பார்க்கப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். "மலைன்னா அப்பிடித்தான் இருக்கும் அண்ணாச்சி. ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கியல்லா?" என்றார். 'எது நடந்தாலும் நானே பொறுப்பு' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தது உண்மைதான். ஆனால் சொன்ன சேவையைக் கொடுக்காததற்கு அந்தத் தாள் கேடயம் ஆகாது என்கிறார் வக்கீல். நமக்குத் தெரியாத ஒரு விஷயம்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. சந்தேகம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நோட்டீஸ், ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியது எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கள் கேஸுக்கு இப்போது உயிர்நாடி அந்த இரண்டு 'ஓய்வு நாள்' என்ற அச்சுதான்.

பணம் கட்டும் முன்னால் பாலிசித் தாளை வாங்கி, எத்தனை மீட்டர் வரை என்கிற வரியை உங்கள் கண்ணால் பாருங்கள். எத்தனை பேருக்கு எத்தனை கைடு, ஒருவர் இறங்க நேர்ந்தால் கூட இறங்குவது யார் என்று பெயரோடு கேளுங்கள். லுக்லா விமானம் இரண்டு நாள் பறக்காவிட்டால் எந்த இரண்டு நாளை வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே போதும்.

போன வாரம் ஆர்கனைசரின் வாட்ஸ்அப் குரூப்பில் புது நோட்டீஸ் வந்தது. லடாக். முதல் நாள் விமானத்தில் லே, அதாவது நேராக 3500 மீட்டரில் போய் இறங்குவது. இரண்டாம் நாள் கார்துங் லா என்ற கணவாய், 5359 மீட்டர். ஓய்வு நாள் என்று ஒரு வரிகூட இல்லை. "அண்ணாச்சி, லேயில் எத்தனை ராத்திரி தங்கிவிட்டு மேலே கூட்டிட்டுப் போறிய?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் என்னைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார். அதற்குள் பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் அறுபது தாண்டியவர்கள், காலையில் என்னோடு நடக்கிறவர்கள். அவர்களிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்ற ஒன்பது பேர் யாரென்று எனக்குத் தெரியாது.